மில்லுக்கு 3 மெகாவாட் சோலார்: கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?

அம்பை நூல்காரன் | 21 செப்டம்பர் 2025, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் 18 ஆயிரம் ஸ்பிண்டில் (நூற்புக் கதிர்) ஓடும் ஒரு நூற்பு மில்லில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் நான். போன மாதம் முதலாளி கூப்பிட்டு, "இனிமேல் எனர்ஜி மேனேஜரும் நீதான்" என்றார். சம்பளம் ஏறவில்லை, பேர் மட்டும் ஏறியிருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் நூலை வாங்கும் திருப்பூர் ஏற்றுமதிக்காரருக்கு வெளிநாட்டு பையர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். நூல் நூற்கச் செலவான மின்சாரத்தில் காற்றாலை, சோலார் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரு கேள்வி. எங்கள் பதில் பூஜ்யம். அடுத்த வருஷ முடிவுக்குள் 60 சதவீதமாவது காட்டச் சொல்கிறார்கள்.

அதே வாரத்தில் ஒரு சோலார் கம்பெனியின் ஆட்கள் காரில் வந்து இறங்கினார்கள் (பேர் வேண்டாம்). எட்டயபுரம் பக்கம் பார்க் போடுகிறார்களாம். குரூப் கேப்டிவில் (பல பேர் கூட்டாகப் பங்கு போடும் மின்நிலையம்) எங்களுக்கு 3 மெகாவாட் பங்கு, 25 வருஷ ஒப்பந்தம். "மாதம் 4 லட்சம் யூனிட் வரும், உங்கள் செலவு 6 லட்சம் யூனிட், கிட்டத்தட்ட 67 சதவீதம் பசுமை, படிவத்துக்குப் படிவமும் ஆச்சு, பில்லும் குறைஞ்சாச்சு" என்று ஒரே பக்கத்தில் கணக்கு. முதலாளி பேனா மூடியைத் திறந்துவிட்டார். நான்தான் பத்து நாள் டைம் கேட்டு வைத்திருக்கிறேன்.

போடலாமா?

பேட்டை லேத் | இரவு 9.32

போடுங்கள் அண்ணாச்சி. வெயில் நமக்கு என்ன பஞ்சமா? பாளையங்கோட்டையில் புரட்டாசி மதியம் நடந்தால் செருப்பு ஒட்டுகிறது.

மீட்டர் அக்கா | இரவு 10.05

அவசரப்படாதீர்கள். நான் எனர்ஜி ஆடிட்டர், மில்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். அந்த ஒரு பக்கக் கணக்கு ஏறக்குறைய எல்லா மில்லிலும் மேஜை மேல் இருக்கும். அதில் தப்பு எதுவும் இருக்காது, விட்டது நிறைய இருக்கும்.

தம்பி, முதலில் உங்கள் பில்லிலிருந்து நாலு எண் கொடுங்கள். சாங்ஷன் டிமாண்ட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள ஈ.பி., அதாவது மின்வாரியம், அனுமதித்த உச்ச அளவு) எவ்வளவு, மீட்டரில் பதிவான அதிகபட்ச டிமாண்ட் எவ்வளவு (ஒரு வருஷத்துக்கு), பவர் ஃபேக்டர் (எடுக்கிற மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கு), அப்புறம் ஸ்லாட் வாரியாக, அதாவது நேரப் பகுதி வாரியாக, யூனிட். "மொத்தம் 6 லட்சம்" என்பது எனக்கு ஒன்றும் சொல்லாது. அந்த 6 லட்சம் எந்தெந்த மணியில் செலவாகிறது என்பதுதான் கேள்வி.

அம்பை நூல்காரன் | 22 செப்டம்பர், காலை 7.15

அக்கா, நைட் ஷிப்ட் வயர்மேன் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். மணிக்கு ஒரு ரீடிங் என்று எட்டு வருஷமாக எழுதுகிறார். பக்கமெல்லாம் எண்ணெய்ப் பெருவிரல் ரேகை. இதுவரை யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை, நானும்தான். நேற்று ராத்திரி உட்கார்ந்து எடுத்த கணக்கு:

சாங்ஷன் டிமாண்ட் 1,200 கே.வி.ஏ. (டிமாண்டை அளக்கும் அலகு). பதிவாவது பெரும்பாலும் 960. சித்திரை, வைகாசியில் ஹியூமிடிஃபிகேஷன் (மில்லுக்குள் ஈரப்பதம் காக்கும் ஏற்பாடு) முழுவதும் ஓடும்போது 1,010. பவர் ஃபேக்டர் 0.95. மூன்று ஷிப்ட், ராப்பகலாக ஒரே லோடு. காலைப் பீக் (விலை கூடின உச்ச நேரம்) 1 லட்சம் யூனிட், மாலைப் பீக் 1 லட்சம், ராத்திரி 10 முதல் காலை 5 வரை 1.75 லட்சம், மிச்ச நேரத்தில் 2.25 லட்சம்.

கணக்குப்பிள்ளை | காலை 9.40

ஓப்பன் ஆக்சஸ் (ஈ.பி. கம்பி வழியாக வெளியாரிடம் மின்சாரம் வாங்குவது) கணக்கு பார்ப்பதுதான் என் பிழைப்பு. நோட்டு எழுதிய அந்த வயர்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், என் கணக்கில்.

2025 ஜூலையிலிருந்து எச்.டி. (உயர் அழுத்த இணைப்பு) தொழிற்சாலைக்கு யூனிட் 7.50 ரூபாய், டிமாண்ட் கே.வி.ஏ.க்கு 608. காலையில் நாலு மணி நேரமும் மாலையில் நாலு மணி நேரமும் பீக், அதற்கு யூனிட் விலையில் 25 சதவீதம் கூடுதல். ராத்திரிக்கு 5 சதவீதம் தள்ளுபடி. அதாவது ஒரே யூனிட்டுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு 7.12 ரூபாய், சாயங்காலம் ஏழு மணிக்கு 9.37 ரூபாய். சோலார்காரர் இரண்டையும் ஒரே யூனிட்டாக எண்ணியிருக்கிறார்.

இப்போது 3 மெகாவாட்டைப் பாருங்கள். வரும் 4 லட்சத்தில் ஏறத்தாழ கால்பங்கு காலைப் பீக்கில் விழும். மிச்சம் 3 லட்சம் பகலில் வரும். பகலில் உங்களுக்கு வேண்டியது 2.25 லட்சம்தான். 75 ஆயிரம் யூனிட் பகலில் கரையாமல், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வந்த சாம்பார் மாதிரி நிற்கும். அதைத் தூக்கி மாலைப் பீக்கில் கழிக்க முடியாது. உச்ச நேரத்தில் வந்த யூனிட்டை மற்ற நேரத்தில் கழிக்கலாம், மற்ற நேரத்தில் வந்ததை உச்சத்தில் கழிக்க விடமாட்டார்கள். ஆக உங்கள் பில்லிலேயே விலை கூடின ஒரு லட்சம் யூனிட்டை, அதாவது சாயங்காலம் ஆறு முதல் பத்து வரையானதை, இந்த ஒப்பந்தம் தொடவே இல்லை.

2 மெகாவாட் என்றால் சுமார் 2.7 லட்சம் யூனிட். அது முழுவதும் உங்கள் மில்லில் கரையும். எனக்குத் தெரிந்து 3க்குப் பதில் 2 என்று எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் பேனாவைத் திறக்கலாம்.

மீட்டர் அக்கா | காலை 10.20

இன்னொன்று. சாங்ஷன் டிமாண்டில் 90 சதவீதம், அல்லது பதிவானது, எது அதிகமோ அதற்குத்தான் ஈ.பி. பில் போடும். 1,200இல் 90 சதவீதம் 1,080. நீங்கள் எடுப்பது 960. நடுவில் உள்ள 120 கே.வி.ஏ.க்குச் சும்மா கட்டுகிறீர்கள். 120 பெருக்கல் 608 எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.

அம்பை நூல்காரன் | காலை 10.31

72,960 ரூபாய். மாதாமாதமா?

மீட்டர் அக்கா | காலை 10.33

மாதாமாதம். சோலார் வந்தாலும் அது போகாது, ஏனென்றால் ராத்திரியில் உங்கள் லோடு அப்படியேதான் நிற்கும். 1,050க்குக் குறைத்தால் 90 சதவீதம் 945, அப்போது பதிவான 960க்குத்தான் பில். சித்திரையில் 1,010 போனாலும் 1,050க்குள் அடங்கும். ஆனால் தாண்டிவிட்டால் தாண்டின அளவுக்கு இரட்டிப்புக் கட்டணம். அப்புறம், ஒரு தடவை குறைத்துவிட்டு ஆறு மாதத்தில் புது ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) போட்டுக் கூட்டிக் கேட்டால் திரும்பப் பணம் கட்ட வேண்டும். முதலாளிக்கு விரிவாக்கத் திட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பவர் ஃபேக்டரை 0.95இல் இருந்து 0.99க்கு ஏற்றினாலே 960 என்பது 920 பக்கம் வந்துவிடும். பவர் ஃபேக்டரைத் தூக்கிப் பிடிக்கும் கேபாசிட்டர் பேங்கில் எத்தனை செத்துக் கிடக்கிறது என்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள். பாதி செத்திருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

பஞ்சுமூட்டை | 22 செப்டம்பர், மாலை 4.50

மில்லில் 34 வருஷம் இருந்து ரிட்டயர்டு ஆனவன். இழையை முழுக்கப் படித்தேன். எல்லோரும் எங்கிருந்து வாங்குவது என்றே பேசுகிறீர்கள். ஓட்டைப் பானையில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் என்ன?

தம்பி, உங்கள் ஏர் கம்ப்ரஸர் எத்தனை கிலோவாட்? பிரஷர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? ஆட்டோகோனருக்கு (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) எவ்வளவு தேவை?

அம்பை நூல்காரன் | மாலை 6.05

55 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரஸர், செட்டிங் 7.8 பார். ஆட்டோகோனர் மெஷின் புத்தகத்தில் 6.5 போட்டிருக்கிறது. ஏன் 7.8 என்று கேட்டேன். "முன்னாடி இருந்தவர் வைத்தது" என்றார்கள்.

பஞ்சுமூட்டை | மாலை 6.40

எல்லா மில்லிலும் இந்த முன்னாடி இருந்தவர் ஒருத்தர் உண்டு. லீக் இருப்பதால் கடைசி மெஷினுக்குக் காற்று எட்டவில்லை, லீக்கை அடைக்காமல் பிரஷரை ஏற்றிவிட்டுப் போயிருப்பார். ஒரு பார் குறைத்தாலே கம்ப்ரஸர் கரண்டில் ஆறேழு சதவீதம் மிச்சம்.

வருகிற ஆயுத பூஜைக்கு மில் நிற்கும் இல்லையா? பொரி, சுண்டல் எல்லாம் முடிந்து ஆள் கிளம்பினதும், கம்ப்ரஸரை மட்டும் ஓட்டுங்கள். ஒரு மெஷின்கூட ஓடக்கூடாது. அப்போது அது எத்தனை வினாடி லோடு ஆகிறது (காற்றை அழுத்துகிறது), எத்தனை வினாடி அன்லோடில் நிற்கிறது (அழுத்தாமல் சும்மா சுற்றுகிறது) என்று கைக்கடிகாரம் பார்த்துப் பத்துத் தடவை எழுதுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவதுதான் உங்கள் லீக். சும்மா கிடக்கிற மில்லுக்கு எதற்குக் காற்று?

அடுத்தது ஹியூமிடிஃபிகேஷன். ஃபேன் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் கரண்ட் பாதியாகிவிடும், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஓடுவது அது. உங்கள் ஊரில் ஆனி, ஆடி முழுக்க மேற்கேயிருந்து சாரல் காற்று. வெளிக்காற்றே ஈரமாக வரும்போது சித்திரையில் ஓட்டிய வேகத்திலேயே ஃபேனை ஓட்டுவது வீண். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு, ஈரப்பதத்தைப் பார்த்து வேகத்தை விடுங்கள். நான் இருந்த மில்லில் ஆள் வைத்து டேம்பரைத் திறந்து மூடுவோம். அந்த ஆளும் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவான்.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்து ஊர் விக்கிரமசிங்கபுரத்தில் 1880களில் ஹார்வி மில் வந்ததே தண்ணீருக்காகத்தான். பாபநாசத்தில் தாமிரபரணி விழும் வேகத்தில் டர்பைன் சுற்றி நூல் நூற்றார்கள். பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது 1944இல். நம் தாத்தா காலத்திலேயே நாம் 100 சதவீதம் பசுமை, அப்போது படிவம்தான் இல்லை.

தென்காசித் தென்றல் | இரவு 8.15

கூடங்குளம் நெல்லை மாவட்டத்தில்தானே இருக்கிறது? ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது. கார்பன் இல்லாத மின்சாரம். அதைப் படிவத்தில் எழுதிவிட்டால் என்ன?

கணக்குப்பிள்ளை | இரவு 8.40

படிவத்தில் கேட்டிருப்பது புதுப்பிக்கத்தக்கது. யுரேனியம் அதில் சேராது. மேலும் கூடங்குளம் மின்சாரம் நாலைந்து மாநிலத்துக்குப் பிரிகிறது. பக்கத்து ஊர் என்பதற்காக உங்கள் மில்லுக்குத் தனிக்கம்பி வராது.

இதே சந்தேகம் காற்றாலையிலும் வரும். நம் பக்கத்து மில்கள் பலவற்றுக்குச் சொந்தக் காத்தாடி உண்டு, அதில் சில ஈ.பி.க்கே விற்கிற ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. அந்த யூனிட் ஈ.பி.க்குப் போய்விட்டது. காத்தாடியைப் படம் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், படிவத்தில் எழுத முடியாது. சொந்த உபயோகத்துக்கு வீலிங் செய்து (ஈ.பி. கம்பி வழியாக மில்லுக்குக் கொண்டுவந்து), பில்லில் கழிந்த யூனிட்தான் உங்கள் கணக்கு.

வள்ளியூர் காத்தாடி | 23 செப்டம்பர், அதிகாலை 5.30

நைட் டூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன். 20 வருஷமாகக் காத்தாடி மெயின்டனன்ஸ். பணகுடி, ராதாபுரம், பழவூர் எல்லாம் ஏறாத டவர் கிடையாது.

எல்லோரும் சோலாரையே பேசுகிறீர்கள், வீட்டு வாசலில் இருப்பதை விட்டுவிட்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசி பாதியில் காற்று இறங்கும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் பேய் ஓட்டம். புரட்டாசியில் சுருதி குறையும். ஐப்பசி பிறந்தால் நாங்கள் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் வேலைக்குப் போவோம். அப்புறம், சீசனில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காற்று ஏறும். அண்ணாச்சி சொன்ன அந்த ஆறு முதல் பத்து மணிக்கு வெயில் வராது, காற்று வரும்.

கணக்குப்பிள்ளை | காலை 8.10

சரியான இடத்துக்கு வந்துவிட்டார். இதில் ஒரு தேதி முக்கியம். 2018 மார்ச் 31க்குள் ஓட ஆரம்பித்த காத்தாடிக்குத்தான் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருஷ பேங்கிங் உண்டு. ஆடியில் மிச்சமானதை மார்கழியில் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கூலியாக 14 சதவீதத்தை யூனிட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். மார்ச் 31 அன்று மிஞ்சி நின்றால் ஒப்பந்த விலையில் 75 சதவீதம்தான் கைக்கு வரும். அதற்குப் பிறகு வந்த மெஷின்களுக்கு இந்த வருஷக் கணக்கு கிடையாது.

அதனால்தான் துருப்பிடித்த பழைய 500 கிலோவாட் மெஷினுக்கு இன்றைக்கும் கிராக்கி. மெஷினை விட அதன் பிறந்த தேதிக்கு விலை.

வள்ளியூர் காத்தாடி | காலை 8.25

ஆனால் வாங்குகிறவர்கள் டவரில் ஏறிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், வெயிலில் பிடித்தால் இரும்புத்தூள் மின்னுகிறதா என்று தெரியும். மின்னினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆடி நடுவில் கியர்பாக்ஸ் போனால், கிரேன் வந்து மாற்றி முடிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும். அந்த வருஷம் அந்த மெஷின் வெறும் கம்பம். இன்னொன்று, நல்ல காற்றிலேயே லைனில் இடமில்லை என்று மெஷினை நிறுத்தச் சொல்வதும் நடக்கும். விற்கிறவர் காட்டும் கணக்கில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து வருஷத்து ஈ.பி. ஸ்டேட்மென்டை வாங்கிப் பாருங்கள், விற்பவர் எக்செல்லில் போட்டுக் கொடுப்பதை அல்ல.

பேட்டை லேத் | காலை 9.02

குரூப் கேப்டிவ் என்றால் என்ன அண்ணாச்சி? நான் இருப்பது எல்.டி. (தாழ்வழுத்த) கனெக்ஷன். என்னையும் சேர்த்துக்கொள்வார்களா?

கணக்குப்பிள்ளை | காலை 9.45

பத்துப் பேர் சேர்ந்து ஒரு மின்நிலையத்தில் பங்கு போடுவது. 2005ஆம் வருஷ மின்சார விதிப்படி, பயன்படுத்துகிறவர்கள் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும், அதுவும் அவரவர் பங்கு விகிதத்தில், 10 சதவீதம் முன்பின் இருக்கலாம். இப்படி இருந்தால் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (ஈ.பி.யை விட்டு வெளியே வாங்குவதற்குப் போடும் கூடுதல் கட்டணம்) கிடையாது. லாபமே அதில்தான்.

ஆபத்தும் அதில்தான். வருஷக் கடைசியில் அந்த 51 தவறினால் சர்சார்ஜ் எல்லோர் தலையிலும் விழும். நீங்கள் ஒழுங்காக எடுத்திருப்பீர்கள், கூட்டாளி மில் ஆறு மாதம் லே-ஆஃபில் கிடந்திருக்கும். நம்பியவருக்கும் சேர்த்துத்தான் பில். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அது நடந்து, இன்னும் வழக்கு நடக்கிறது. நூல்காரரே, ஒப்பந்தத்தில் இரண்டு வரி பாருங்கள்: கேப்டிவ் தகுதி போனால் யார் கட்டுவது, வீலிங் கட்டணம் ஏறினால் யார் தலையில். இரண்டும் உங்கள் தலை என்று இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது குறைவில்லை. சொன்ன விலைக்கு மேல் டிரான்ஸ்மிஷன், வீலிங், லைன் லாஸ், ஷெட்யூலிங் என்று ஏறிக்கொண்டே போகும்.

பேட்டைக்காரரே, எல்.டி.க்கு உங்கள் கூரையே போதும். 112 கிலோவாட்டுக்குள்தானே இருக்கிறீர்கள்.

அம்பை நூல்காரன் | 23 செப்டம்பர், இரவு 9.30

கூரை என்றதும் கேட்கிறேன். எங்கள் மில்லும் பழைய நார்த்லைட் கூரைதான், ரம்பப் பல் மாதிரி. தெற்குப் பார்த்த சரிவு முழுக்க ஆஸ்பெஸ்டாஸ். 500 கிலோவாட் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

மீட்டர் அக்கா | இரவு 10.15

நார்த்லைட் கூரை கட்டினவன் வெளிச்சத்துக்காக வடக்கைத் திறந்து வைத்தான், தெற்குச் சரிவு சோலாருக்கென்றே சாய்த்த மாதிரி வாய்த்துவிட்டது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் மேல் போடாதீர்கள், தாங்காது. கழுவ ஏறுகிற ஆள் உள்ளே விழுவான். ஷீட் மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்று வைத்தால் 500க்கு மாதம் 60 ஆயிரம். உங்கள் செலவில் பத்தில் ஒன்று. வீலிங் கிடையாது, லைன் லாஸ் கிடையாது, கூட்டாளி கிடையாது.

மூன்று விஷயம் மட்டும். நூற்பு மில்லில் எக்ஸாஸ்ட் வாய்க்குப் பக்கத்தில் தகடு வைத்தால் பஞ்சுத் தூசி படிந்து, பனியில் நனைந்து, தோசைக்கல்லில் ஒட்டின மாவு மாதிரி ஆகிவிடும். அந்த வரிசையை விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீர் போரில் கழுவினால் வெள்ளைப் படலம் நிற்கும். மூன்றாவது, யாரும் சொல்லாதது: பகலில் உங்கள் கிலோவாட்டில் பாதியைக் கூரை கொடுத்துவிடும், ஆனால் மோட்டாருக்கு வேண்டிய கே.வி.ஏ.ஆர். (காந்தப்புலத்துக்குப் போகும், வேலை செய்யாத மின்சாரம்) முழுக்க ஈ.பி.யிடமிருந்துதான் வரும். மீட்டர் பார்க்கும் பவர் ஃபேக்டர் சரிந்துவிடும். இப்போதைய 0.95லேயே விட்டால் நடுப்பகலில் 0.85 வரை இறங்கலாம். மாதச் சராசரி 0.90க்குக் கீழே போனால் ஒவ்வொரு 0.01க்கும் ஒரு சதவீதம் அபராதம். ஆகவே கேபாசிட்டர் முதலில், கூரை பிறகு.

அப்புறம் முதலாளிக்குப் பில்லைக் காட்டாதீர்கள், யு.கே.ஜி. காட்டுங்கள், ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று. பில் குறைந்தது என்றால் மில் குறைவாக ஓடியிருக்கலாம். கவுன்ட் (நூல் எவ்வளவு மெல்லியது என்ற எண்) மாறினால் யு.கே.ஜி.யும் மாறும், அதனால் 40ஆம் கவுன்டை 40ஆம் கவுன்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தென்காசித் தென்றல் | இரவு 10.40

இத்தனை கஷ்டத்துக்கு ஐ-ரெக் சர்டிஃபிகேட் (பசுமை மின்சாரம் உற்பத்தியானதற்கான சான்று) வாங்கிப் படிவத்தை நிரப்பிவிடலாமே? ஆயிரம் யூனிட்டுக்கு ஒன்று.

மீட்டர் அக்கா | இரவு 10.52

வாங்கலாம். சில பையர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது படிவத்துக்கான செலவு, பில்லில் ஒரு காசு குறையாது. கடைசியில் இரண்டு சதவீதம் இடித்தால் அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அம்பை நூல்காரன் | 1 அக்டோபர், இரவு 11.50

ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம் வைத்த கம்ப்ரஸர் முன்னால் நானும் வயர்மேன் அண்ணாச்சியும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். மில்லில் வேறு சத்தமே இல்லை. இந்த மில்லை நான் இத்தனை அமைதியாகக் கேட்டதில்லை. அந்த அமைதியில் நாலு பக்கமும் ஸ்ஸ், ஸ்ஸ் என்று. பாம்புப் பண்ணைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பத்துத் தடவை எழுதினோம். சராசரி லோடு 48 வினாடி, அன்லோடு 152. லீக் 24 சதவீதம். 55 கிலோவாட்டில் 13 கிலோவாட் சும்மா ஊதுகிறது. மாதத்துக்கு ஒன்பதாயிரம் யூனிட்டுக்கு மேல், எழுபதாயிரம் ரூபாய்.

சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு நடந்தோம். 61 இடம். பாதி ஆட்டோகோனர் ஹோஸ் கப்ளிங்கில். ஒரு டிரெயின் வால்வைத் திறந்து வைத்துக் கம்பியால் கட்டியே வைத்திருக்கிறார்கள், தண்ணீர் தானாகப் போகட்டும் என்று. கேபாசிட்டரில் 14இல் 6 செத்துப்போயிருந்தது. அக்கா சொன்ன பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

பஞ்சுமூட்டை | 2 அக்டோபர், காலை 6.10

அந்தக் கம்பியைக் கட்டினவரும் முன்னாடி இருந்தவர்தான்.

அம்பை நூல்காரன் | 9 நவம்பர், மாலை 5.20

இழையைத் திரும்பத் தூக்குவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி லீவில் திரும்ப டெஸ்ட் போட்டோம். லோடு 20 வினாடி, அன்லோடு 180. லீக் 10 சதவீதம். செட்டிங்கை 6.9க்கு இறக்கிவிட்டேன், ஆட்டோகோனர் ஃபோர்மேன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாவது நாள் ஸ்ப்ளைஸிங் (நூல் முனைகளைக் காற்றால் இணைப்பது) நன்றாகத்தான் விழுகிறது என்று ஒத்துக்கொண்டார். கேபாசிட்டர் மாற்றியாச்சு, பவர் ஃபேக்டர் 0.99. டிமாண்டை 1,050க்குக் குறைக்க மனு கொடுத்தாச்சு. வாராந்திர ரிங் ஃபிரேம் மெயின்டனன்ஸைக் காலை பதினொரு மணியில் இருந்து மாலைப் பீக்குக்கு மாற்றினோம், பேல் பிரஸ்ஸும் மேல்டேங்க் மோட்டாரும் அந்த நேரத்தில் ஓடக்கூடாது என்று ஸ்விட்ச் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சோலார் 2 மெகாவாட்டுக்குத்தான் ஒப்பந்தம். 51 சதவீதம் தவறினால் யார் கட்டுவது என்ற வரியைக் காட்டியதும் அந்தக் கம்பெனி ஆள் ஏசி ரூமில் கர்சீப்பை எடுத்தார். இரண்டு சுற்றுப் பேசி, கூட்டாளி தவறினால் அது அவர்கள் பொறுப்பு என்று மாற்றி எழுதிக்கொடுத்தார்கள். மாதம் 2.7 லட்சம் என்றால் 45 சதவீதம். ராதாபுரம் பக்கம் 2004இல் ஓட ஆரம்பித்த ஒரு 500 கிலோவாட் காத்தாடியைப் பேசிக்கொண்டிருக்கிறோம், ஸ்டேட்மென்டில் வருஷத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் யூனிட் காட்டுகிறது. வள்ளியூர் அண்ணாச்சி, அடுத்த ஞாயிறு ஏறிப் பார்க்க வரமுடியுமா? வெள்ளைத் துணி நான் கொண்டுவருகிறேன்.

கூரை அடுத்த வருஷம், ஷீட் மாற்றும்போது.

முதலாளி ஒன்றுதான் கேட்டார்: "இந்த 120 கே.வி.ஏ. எத்தனை வருஷமாகப் போச்சு?" வயர்மேன் அண்ணாச்சி நோட்டை எடுக்கப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

வள்ளியூர் காத்தாடி | மாலை 5.48

வருகிறேன். காலை ஆறு மணிக்கே ஏறிவிட வேண்டும், வெயில் ஏறினால் டவருக்குள் அடுப்பு. சாப்பாடு வள்ளியூரில் நம் வீட்டில்.

பேட்டை லேத் | இரவு 8.30

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டு இன்றைக்குப் பட்டறையில் எல்லாவற்றையும் நிறுத்திக் காதைக் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு சின்ன கம்ப்ரஸர்தான். சுவர் ஓரத்தில் ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மூன்று வருஷமாக அதைப் பக்கத்துக் கேன்டீன் குக்கர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.